முழு இரவு ஜெபம்: இரண்டு மணிக்கு மேல் ஆள் நிற்பதில்லை, என்ன செய்யலாம்?

ஏரல்_ரோடு எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில், ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே. சின்ன சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை. கணக்கில் தொண்ணூறு குடும்பம் இருக்கிறது, அதில் பாதி சென்னையிலும் திருப்பூரிலும். நான் வாலிபர் சங்கச் செயலாளர். வயது முப்பத்தொன்பது. எங்கள் ஊரில் வாலிபர் என்றால் இப்போது இதுதான்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஊருக்குள் தண்ணீர் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் எண்ணூறு பேரோடு நின்றுபோனதே, அதே ராத்திரிதான். நாங்கள் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடக் கேரல் ரவுண்ட் போக வேண்டிய நாள். காலையிலேயே மழை விடாததால் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். பத்து மணிவாக்கில் குளத்துக்கரை உடைந்தது. எங்கள் கோவிலை (சர்ச்சைத்தான் அப்படிச் சொல்வோம்) ஒட்டியிருக்கும் ஆரம்பப் பள்ளியின் மாடிதான் பக்கத்தில் உயரமான இடம். கோவில் ஆட்கள், எதிர்த்தெரு ஆட்கள், இரண்டு ஆடுகள், எல்லாரும் அங்கே ஏறினோம். விடிந்து எண்ணியபோது அறுபத்துமூன்று பேர். வீடு போனது, மாடு போனது, வாழை முழுக்கப் போனது. ஆள் யாரும் போகவில்லை.

அதனால் வருஷந்தோறும் டிசம்பர் 17 ராத்திரி முழு இரவு ஜெபம் வைப்பதென்று சேகரக் கமிட்டியில் தீர்மானம் போட்டோம். போன வருஷம் முதல் தடவை. ராத்திரி 9 முதல் காலை 6 வரை என்று நோட்டீஸ் எல்லாம் அடித்தோம். நடந்ததைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வெளியூரிலிருந்து இரண்டு செய்தியாளர்களை, அதாவது பிரசங்கிமாரை, அழைத்திருந்தோம். முதலாமவர் ஒன்பதே முக்காலுக்கு எழுந்தவர் பன்னிரண்டுக்குத்தான் உட்கார்ந்தார். மைக்செட்காரர் வெளியேயும் இரண்டு பெட்டி கட்டியிருந்தார். பத்தரைக்கு எதிர்த்தெரு அண்ணாச்சி ஒருவர் வந்து, "பிள்ளைக்குக் காலையில் பரீட்சை, கொஞ்சம் குறைங்கடே" என்றார். குறைத்தோம். பதினொன்றுக்கு யாரோ மறுபடியும் கூட்டிவிட்டார்கள். அவர் திரும்ப வந்து பேசியது கோவிலுக்குள் இருந்த எல்லாருக்கும் கேட்டது. பன்னிரண்டரைக்கு டீயும் பன்னும் கொடுத்தோம். அதோடு பாதிக் கூட்டம் கழன்றுகொண்டது. இரண்டு மணிக்கு நான் எண்ணிப் பார்க்கிறேன், பதினோரு பேர். அதில் ஐந்து பேர் ஜமுக்காளத்தில் தூக்கம். இரண்டாவது செய்தியாளர் பாவம், மிச்சம் ஆறு பேருக்குப் பிரசங்கம் பண்ணினார். அப்புறம் ஜெபக்குறிப்பு முப்பத்திரண்டையும் நான் ஒருவனே வாசித்து ஒருவனே ஜெபித்துக்கொண்டிருந்தேன். மூன்றரைக்கு எங்கள் போதகர் ஐயர் எழுந்து ஆசீர்வாதம் கூறி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இந்த வருஷம் புதன்கிழமை வருகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு நேரம். நேரத்தைக் குறைத்துப் பன்னிரண்டோடு முடிக்கலாம் என்கிறார்கள் பெரியவர்கள். எனக்கு மனசில்லை. அன்றைக்குத் தண்ணீர் பன்னிரண்டு மணியோடு நின்றுவிடவில்லை.

முழு இரவு ஜெபம் நடத்திப் பழகியவர்கள் சொல்லுங்கள். ஒன்பது மணி நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது?

---

சீயோன்_பிரதர் எழுதியது:

பிரைஸ் த லார்ட் பிரதர். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் கேட்கிற கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. நிரப்புவது நம் வேலையா? அட்டவணை, நோட்டீஸ், இரண்டு செய்தியாளர் என்று போட்டுவிட்டு ஆவியானவருக்கு எங்கே இடம் வைத்தீர்கள்?

எங்கள் சபையில் மாதம் ஒரு வெள்ளி முழு இரவு. காலையிலிருந்தே உபவாசம். ராத்திரி துதி ஆராதனை தொடங்கினால் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. தூக்கம் வந்தால் எழுந்து நின்று கைதட்டிப் பாடுவோம். ஆறு பேர் மிஞ்சினார்கள் என்று வருத்தப்படாதீர்கள், வேதத்தில் கிதியோனுக்கு யுத்தத்தை ஜெயிக்க முந்நூறு பேர் போதுமாயிருந்தது. ஜனங்களை மூன்று நாள் உபவாசத்துக்கு அழையுங்கள், பிறகு பாருங்கள்.

---

ராத்திரி_டியூட்டி எழுதியது:

தம்பி, நான் முப்பத்திரண்டு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் ராத்திரி வேலை எத்தனை என்று எண்ணி முடியாது. எங்கள் சபையில் கடைசி வெள்ளி முழு இரவு ஜெபத்தை இருபது வருஷத்துக்கு மேலாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நடத்துகிறேன் என்று சொல்ல மாட்டேன். வார்டைப் பார்த்துக்கொள்கிற மாதிரிதான்.

முதலில் உங்கள் ஐந்து பேரைத் திட்டாதீர்கள். மனுஷ உடம்பின் சூடு விடியற்காலம் நாலு மணிவாக்கில்தான் ஆகக் குறைவு. இரண்டிலிருந்து நாலரை வரை எப்பேர்ப்பட்ட விசுவாசிக்கும் கண் சொக்கும். இயேசு பிடிபட்ட ராத்திரி கெத்செமனேயில் தூங்கினவர்கள் அப்போஸ்தலர்கள். துரோவாவில் பவுலே பிரசங்கம் பண்ணியும் ஐத்திகு ஜன்னலில் உட்கார்ந்தபடி தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பவுல் பேசியே அந்தக் கதி என்றால், உங்கள் செய்தியாளர் இரண்டேகால் மணி நேரம் பேசினதற்கு ஜமுக்காளத்தோடு போனது கிருபை.

நீங்கள் செய்தது ஞாயிறு ஆராதனையை இழுத்து ஒன்பது மணி நேரமாக்கியது. ராத்திரி ஜெபம் அது இல்லை. அது காவல். வேதத்தில் ராத்திரியை ஜாமமாகத்தான் பிரித்திருக்கிறது. ஆறு மணிக்குத் தொடங்கி மூன்று மூன்று மணி நேரமாக நாலு ஜாமம். நீங்கள் ஒன்பதுக்குத் தொடங்கினால் உங்கள் கையில் இருப்பது மூன்று. ஒவ்வொரு ஜாமத்தையும் தனித்தனி ஆட்களிடம் கொடுத்துவிடுங்கள். நோட்டீஸில் "அனைவரும் வருக, இரவு 9 முதல் காலை 6" என்று போடாதீர்கள். அப்படிப் போட்டால் எல்லாரும் ஒன்பதுக்கு வருவார்கள், காலையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். வீடு வீடாகப் போய், "அண்ணாச்சி, உங்களுக்கு மூன்று மணி ஜாமம். இரண்டரைக்கு எழுப்ப ஆள் வரும், அதுவரை நன்றாகத் தூங்குங்கள்" என்று சொல்லுங்கள். வயசானவர்களுக்கு மூன்று மணிக்கு எப்படியும் முழிப்பு வந்துவிடும். அவர்களைப் போய் ஒன்பது மணிக்கு உட்காரவைத்துப் பன்னிரண்டுக்கு இழந்துவிடுகிறோம். பரீட்சைப் பிள்ளைகளும் தாய்மாரும் முதல் ஜாமம், பத்தரைக்குள் வீட்டுக்கு. வாலிபர்கள் நடுஜாமம். ராத்திரி முழுக்க முழித்திருக்க நாலைந்து பேர் போதும். நீங்கள் ஒருவர் என்பது தெரிகிறது.

வார்டில் முக்கியமான நேரம் டியூட்டி ஒப்படைக்கிற நேரம். போகிறவள் வருகிறவளைக் கட்டில் கட்டிலாக அழைத்துக்கொண்டுபோய், இவருக்கு இப்படி, இந்த அம்மா இன்னும் சாப்பிடவில்லை, இந்தப் பையனுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஜெபத்திலும் அதைக் கொண்டுவாருங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு. யார் யாருக்காக ஜெபித்தாயிற்று, யார் மிச்சம் என்று முதல் ஜாமத்தார் எழுதி அடுத்தவர் கையில் கொடுத்து, அவர் தலையில் கைவைத்து ஒரு சின்ன ஜெபம் பண்ணிவிட்டுப் போகட்டும். பொறுப்பு கைமாறினது எல்லாருக்கும் தெரியும். முப்பத்திரண்டு குறிப்பை ஒருவரே வாசிக்கிற கொடுமையும் இராது.

ஜெபக்குறிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. மைக்கில் பேர் சொல்லி வாசிக்காதீர்கள். "இன்னார் மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லை", "இன்னார் குடியை விட வேண்டும்" என்று நாம் பாரத்தோடு வாசிப்போம், காலையில் அது தெருவில் வேறு மாதிரி நடமாடும். சீட்டில் எழுதி மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். ஒருவர் ஒரு சீட்டை எடுத்து, தனியாகப் போய் முழங்கால் போட்டு ஜெபித்துவிட்டு, திரும்பவும் மடித்து இன்னொரு பெட்டியில் போட வேண்டும். காலையில் ஐயர் முன்னாலேயே எரித்துவிடுங்கள்.

எந்த நேரத்தில் என்ன என்பதும் இருக்கிறது. மௌன ஜெபத்தைப் பத்து மணிக்கு வையுங்கள். மூன்று மணிக்கு மௌனம் என்றால் குறட்டைதான் கேட்கும். மூன்றுக்கு மேல் எல்லாரும் நின்றுகொண்டு வேதத்திலிருந்து சங்கீதம் வாசியுங்கள். 119ஆம் சங்கீதம் அதற்கென்றே எழுதினது போல இருக்கும். 176 வசனம், எட்டு எட்டாக 22 பகுதி. ஆளுக்கு எட்டு வசனம் வாசித்துப் புத்தகத்தைப் பக்கத்தில் கொடுத்தால், தன் முறை வருகிற பயத்திலேயே ஒருவரும் தூங்க மாட்டார்கள். செய்தி வேண்டுமானால் ஜாமத்துக்கு ஒன்று, பதினைந்து நிமிஷம், உள்ளூர் ஆள்.

பன்னிரண்டரைக்கு டீ கொடுத்தீர்கள் பாருங்கள், அது வழியனுப்பு டீ. பன்னைச் சாப்பிட்டதும் கூட்டம் முடிந்தது என்று உடம்பு நினைத்துக்கொள்ளும். எங்களுக்கு இரண்டரைக்குத்தான் அடுப்பு. சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டுக் கருப்பட்டிக் காப்பி. உங்களுக்கு உடன்குடி பக்கம்தானே, கருப்பட்டிக்கு என்ன பஞ்சம்? சுகர் இருப்பவர்களுக்கு இனிப்பில்லாமல் தனிப் பாத்திரம். அவித்த பயறு ஒரு கிண்ணம். இட்லி, கேசரி பக்கம் போகாதீர்கள், தூக்கிப் போட்டுவிடும்.

சீயோன் பிரதர், உபவாசத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் அறுபது வயதுக்கு மேல் சுகர் மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்களை வெறும் வயிற்றோடு ராத்திரி முழுக்க உட்காரவைக்காதீர்கள். சுகர் இறங்கி வேர்த்து ஊற்றி வந்தவர்களை விடியற்காலம் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அட்டவணையும் ஆவியானவருக்கு விரோதம் இல்லை ஐயா. மோசே காலத்து ஆசாரிப்புக்கூடாரத்தில் விளக்குக்கு எண்ணெய் வார்க்கக்கூட முறை வைத்திருந்தார்கள்.

மற்றது சின்னச் சின்ன காரியம். கழிப்பறைப் பக்கம் லைட் போட்டுவையுங்கள். கொசுவத்தியைக் கோவிலுக்கு உள்ளே வேண்டாம், ஆஸ்துமாக்காரர் இருப்பார்கள், வாசலில் வையுங்கள். ராத்திரியில் எந்தப் பெண்ணையும் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள், டார்ச்சோடு இரண்டு பேர் கூடப் போகட்டும்.

இனி ஒரு கேள்வி. அந்த வெள்ள ராத்திரியில் மாடியில் அறுபத்துமூன்று பேர் விடியும்வரை முழித்திருந்தீர்களே, அதற்கு யார் நிகழ்ச்சி நிரல் போட்டது? என்னதான் செய்தீர்கள்? யோசித்துச் சொல்லுங்கள்.

---

கோர்ட்_வாசல் எழுதியது:

மைக் விஷயத்துக்கு மட்டும் வருகிறேன். 2000ஆம் வருஷ ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. நாலு சுவருக்குள் அடைத்த கூடத்துக்கு விலக்கு உண்டு. வெளியே கட்டிய பெட்டி அதில் வராது. குடியிருப்புப் பகுதியில் இரவு அளவு 45 டெசிபல்தான். அதே வருஷம் ஆகஸ்டில் சென்னையில் ஒரு சபைக்கும் பக்கத்துக் குடியிருப்புச் சங்கத்துக்கும் நடந்த வழக்கிலேயே, அடுத்தவர் அமைதியைக் குலைத்து ஜெபிக்க எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த அண்ணாச்சி ஸ்டேஷனுக்குப் போகாமல் உங்களிடமே நேரில் வந்து சொன்னாரே, அதற்கு நன்றி சொல்லுங்கள். ஐம்பது பேருக்கு மைக் எதற்கு?

---

முத்துநகர்_ஆள் எழுதியது:

நான் கத்தோலிக்கன், சும்மா படித்துக்கொண்டுபோனவன் நின்றுவிட்டேன். நர்ஸம்மா சொல்கிற ஜாம முறை எங்களிடம் பெரிய வெள்ளிக்கு முந்தின பெரிய வியாழன் ராத்திரி இருக்கிறது. பூசை முடிந்து நற்கருணை அப்பத்தைத் தனிப் பீடத்துக்குக் கொண்டுபோய் வைத்ததும், அன்பியத்துக்கு (பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த குழு) ஒரு மணி நேரம் என்று பங்குக் கோவிலில் பிரித்துவிடுவார்கள். எங்கள் அன்பியத்துக்குப் போன தடவை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு. அந்த ஒரு மணி நேரத்துக்கு நாங்கள்தான் பொறுப்பு, ஆள் இல்லாமல் பீடம் கிடந்தால் எங்கள் அன்பியத்துக்குத்தான் மானக்கேடு. பக்தியோடு கொஞ்சம் மானமும் சேர்ந்தால் ஆள் நிற்கும்.

எங்கள் பக்கம் கடற்கரை ஊர். மூன்று மணி என்பது எங்களுக்கு ராத்திரி இல்லை, தொழிலுக்குப் போகிற நேரம். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு மாதா கெபியின் (சின்னக் குகைக் கோவில்) முன்னால் ஒரு நிமிஷம் நின்று சிலுவை போட்டுவிட்டுப் போவார்கள். உங்கள் ஊரிலும் அந்நேரம் பால் கறக்கிறவர், வாழைத்தார் லோடு ஏற்றுகிறவர் என்று யாராவது முழித்திருப்பார்கள். கதவைத் திறந்தே வையுங்கள்.

---

தரங்கை_வீதி எழுதியது:

சென்னை, திருப்பூர் ஆட்களை விட்டுவிட்டீர்களே? 1727 ஆகஸ்டில் ஜெர்மனியில் ஹெர்ன்ஹட் என்ற சின்ன ஊரில் மொராவியர்கள் என்ற கிறிஸ்தவக் கூட்டத்தார் 24 ஆணும் 24 பெண்ணுமாக ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பங்கு போட்டுத் தொடங்கின சங்கிலி ஜெபம் நூறு வருஷத்துக்கு மேல் அறுபடாமல் போனது. அதே கூட்டத்தார் 1760இல் எங்கள் தரங்கம்பாடிக்கே வந்து தோட்டம் போட்டு உட்கார்ந்தார்கள் என்பதால் எங்களுக்கு அவர்கள் மேல் ஒரு பிரியம். அவர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் முழித்திருக்கவில்லை, அவரவர் இடத்தில் அவரவர் மணி. வெளியூரில் இருக்கிற உங்கள் ஆட்களுக்கும் அரைமணி அரைமணியாகக் கொடுங்கள். முடித்ததும் அடுத்தவருக்கு ஒரு போன், "என் நேரம் முடிந்தது, நீங்கள் தொடங்குங்கள்" என்று. குரூப்பில் கைகூப்புகிற படம் போடுவதை இதில் சேர்க்காதீர்கள்.

---

ஏரல்_ரோடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நர்ஸ் அக்கா கேட்டதற்கு இரண்டு நாளாகப் பதில் எழுத முடியவில்லை. வீட்டில் அம்மாவிடம் கேட்டேன், ஐயரிடம் கேட்டேன், ஆளுக்கொன்று சொன்னார்கள்.

எனக்கு ஞாபகம் இருப்பது இதுதான். கரண்ட் இல்லை. முதலில் எல்லாரும் சத்தமாக ஜெபித்தோம், அழுதோம். ஒரு மணி நேரத்தில் தொண்டை ஓய்ந்தது. அதற்குப் பிறகு முக்கியமாக நடந்தது ஒன்றுதான். மாடிப்படியில் பதினாலு படி. ஒருவர் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு இறங்கி, தண்ணீர் எத்தனாவது படியில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். மேலே வந்து சொல்வார். "அஞ்சு." எல்லாரும் கொஞ்ச நேரம் ஜெபிப்போம். பிறகு அடுத்த ஆள் இறங்குவார். "ஆறு." சார்ஜ் தீர்ந்துவிடக்கூடாது என்று ஒரு நேரத்தில் ஒரு போன்தான். யாரும் முறை வைக்கவில்லை, ஆனால் முறை தானாக வந்தது. இறங்கிப் பார்க்க எதிர்த்தெரு ஆட்களும் போனார்கள். ஒருவர் படியில் இருக்கும்போது மேலே ஒரு குழந்தைகூட வாயைத் திறக்கவில்லை. நாலு மணிக்குக் கொஞ்சம் மேலே யாரோ வந்து, "ஏறவில்லை, அங்கேயே நிற்கிறது" என்றார்கள். அது யார் என்பதில்தான் இப்போது வீட்டில் சண்டை.

---

ராத்திரி_டியூட்டி எழுதியது:

இதை வைத்துக்கொண்டா தம்பி, எதைக் கொண்டு நிரப்புவது என்று கேட்டீர்கள்? செய்தியாளரை அழைக்காதீர்கள். கோவிலை விட்டுவிட்டு அந்த மாடிக்கே போங்கள். மணிக்கு ஒருவர் படி இறங்கட்டும்.

முடிந்ததும் எழுதுங்கள், நான் முழித்துத்தான் இருப்பேன்.

---

ஏரல்_ரோடு எழுதியது:

முடிந்தது. நேற்று முழுக்கத் தூங்கிவிட்டேன், அதனால்தான் தாமதம்.

பள்ளி மாடியில் வைக்கத் தாளாளர் என்ற முறையில் ஐயரே அனுமதி கொடுத்தார். கமிட்டியில் இரண்டு பேர், "கோவில் இருக்கப் பள்ளிக்கூடத்திலா?" என்றார்கள். ஒருவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லாதவர், சரி. மைக் இல்லை. சுவிசேஷக் கூட்டத்துக்கு வைத்திருக்கும் பேட்டரி லைட் ஒன்று, பாய் இருபது. நோட்டு ஒன்று, சீட்டுப் பெட்டி இரண்டு (ஒன்று பழைய பிஸ்கட் டப்பா).

முதல் ஜாமத்துக்கு நாற்பத்தாறு பேர். பத்தரைக்குப் பிள்ளைகள் இறங்கினதும் இருபத்தொன்று. அங்கேதான் எனக்குப் போன வருஷத்துப் பயம் வந்தது. நடுஜாமத்தில் வாலிபர்கள் ஒன்பது பேர், பாமாலைப் புத்தகத்துப் பாட்டுகளை மெதுவாகப் பாடினார்கள். மெதுவாகப் பாட அவர்களுக்குப் பழக்கமே இல்லை, முதல் இரண்டு பாட்டு சுதி தப்பி எங்கேயோ போனது. ஒரு மணிக்கு நாலு பேர் சாய்ந்துவிட்டார்கள். நான் எழுப்பவில்லை.

இரண்டரைக்குக் கருப்பட்டிக் காப்பி. எழுப்பும் வேலைக்கு இரண்டு பையன்களை அனுப்பினேன். மூன்று மணி ஜாமத்துக்குப் பேர் கொடுத்திருந்தது பதினான்கு பேர், வந்தது பதினெட்டு பேர்! எல்லாம் எழுபது வயதுக்காரர்கள். படியேற முடியாத மூன்று பாட்டிகள் கீழ் வகுப்பறையில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். 119ஆம் சங்கீதத்தை மேலே பாதி, கீழே பாதி என்று மாறி மாறி வாசித்தோம். கீழேயிருந்து வந்த சத்தம்தான் கூடுதல். திருப்பூரிலிருந்து என் மைத்துனன் மூன்றரைக்குப் போன் பண்ணி, தன் நேரம் முடிந்தது என்றான். அவன் குரல் கரகரத்திருந்தது, அவன் மகளையும் எழுப்பி உட்காரவைத்திருந்தானாம்.

மணிக்கு ஒருவர் டார்ச்சோடு படி இறங்கினார்கள். நாங்கள் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. பத்து மணிக்கு இறங்கின அக்கா கடைசிப் படிவரை போய், காய்ந்த சிமென்ட் தரையில் கைவைத்துப் பார்த்துவிட்டு வந்து, "தண்ணி இல்லை" என்றார். அதற்கு மேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அப்புறம் ஒவ்வொருவரும் வந்து அதையே சொன்னார்கள். "தண்ணி இல்லை." பதினொன்றுக்கு, பன்னிரண்டுக்கு, ஒன்றுக்கு.

நாலு மணிக்கு என் முறை. இறங்கினால் நடுப்படியில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். போன வருஷம் மைக்குக்குச் சத்தம் போட்ட அதே அண்ணாச்சி. பால் எடுக்கக் கிளம்பினவர், சைக்கிளைக் கேட்டில் சாத்திவிட்டு வந்திருக்கிறார். அன்றைக்கு அவரும் மாடியில் எங்களோடு இருந்தவர்தான். உள்ளே வாருங்கள் என்றேன். "இருக்கட்டும்" என்றார். ஒரு தம்ளர் காப்பி கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, தான் உட்கார்ந்திருந்த படியைக் கையால் தட்டினார்.

"இதுவரைக்கும்தான் வந்தது. ஒன்பது."

"பத்து, அண்ணாச்சி" என்றேன்.

"நான்தான்டே இறங்கிப் பார்த்தேன். ஒன்பது."

மேலேயிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "என்னலே சத்தம்?" என்றாள். இரண்டு பேரும் டார்ச்சை வாங்கிக் கீழிருந்து எண்ணத் தொடங்கினோம்.